கறியைக் குறைக்காதீங்க, பிஸ்கட்டைக் குறைங்க

போன மாதம் ஒரு காலை நேரம். வயர்க்கூடைக்குள் பழைய துண்டை விரித்து, அதில் ஒரு நாய்க்குட்டியைப் படுக்க வைத்து, கால்நடை மருத்துவரான என்னிடம் தூக்கி வந்தார் ஒரு பெரியம்மா. நாலு மாதக் குட்டி, செவலை நிறம். மேஜைமேல் இறக்கி நிறுத்தினேன். முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்து, பாதம் மடங்கிக் கணுக்காலே மேஜையைத் தொட்டது. முதுகில் கை வைத்ததும் வீலென்று கத்தியது.

“எந்திரிக்கவே மாட்டேங்குதுங் கண்ணு. முன்னெல்லாம் தோட்டம் பூரா ஓடும்.”

“சாப்பாட்டுக்கு என்னங்கம்மா போடறீங்க?”

“பாலுஞ்சோறுந்தானுங். முந்தி ரெண்டு நாளைக்கொருக்கா முட்ட போட்டோம். வெல ஏறிப்போச்சுன்னு நிறுத்திப்போட்டோம். வயிறு நெறையத்தானுங் போடறோம், ஒரு கொறையும் வெக்கல.”

அவர் பொய் சொல்லவில்லை. குட்டியின் வயிறு நிறைந்துதான் இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும் இருக்க வேண்டிய வெள்ளையில் இல்லை, சுற்றியிருந்த சதையோடு கலந்து மங்கிக் கிடந்தது.

அந்த வயதில் எட்டுக் கிலோக் குட்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும். அதைப் பாலிலிருந்து மட்டும் எடுப்பதென்றால் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். தண்ணீர் கலந்த ஒரு டம்ளர் பால் எந்த மூலைக்கு? சோற்றில் கால்சியம் இல்லையென்றே சொல்லிவிடலாம். சாப்பாட்டில் கிடைக்காததை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவி ரத்தத்துக்கு அனுப்புகிறது. முட்டை நின்றதில் புரதமும் போயிற்று, விட்டமின் டியும் போயிற்று. நமக்கு வெயில் பட்டால் தோலிலேயே விட்டமின் டி உருவாகும். நாய்க்கு அப்படிப் போதுமான அளவு உருவாவதில்லை, தின்றுதான் ஆக வேண்டும். “நாள் முழுக்க வெயில்லதானுங்க படுத்திருக்கு” என்பது அங்கே உதவாது.

இந்த ஒரு வருடத்தில் இப்படி வரும் குட்டிகளை அடிக்கடி பார்க்கிறேன். கறிக்கோழியின் பண்ணை விலையைப் பல்லடத்தில் அறிவிக்கிறார்கள், முட்டை விலையை நாமக்கல்லில். இரண்டும் நம்ம மண்ணில் விளைகிறவை. ஆனாலும் வீட்டுச் செலவு கையை மீறும்போது நாயின் தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது அந்த இரண்டும்தான். சோறு மட்டும் மிஞ்சுகிறது, பாசத்துக்கு ரெண்டு பிஸ்கட். நான் கேட்டுக்கொள்வதெல்லாம் இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்றுதான். முதலில் பிஸ்கட், அடுத்து அளவு, கடைசியில்தான் கறியும் முட்டையும்.

பிஸ்கட் என்பது மைதா, சர்க்கரை, எண்ணெய். காலை டீயோடு நாலு, சாயங்காலம் நாலு என்று போகிற காசை மாதக் கணக்கில் கூட்டிப் பாருங்கள், பல வீடுகளில் அதுவே முட்டைக் காசு.

அளவைப் பற்றி ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்று தின்கிற அளவில் கால்பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து ஆயுசு முழுக்கக் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போயிற்று. உங்கள் நாயின் விலாவில் விரலை வைத்து லேசாகத் தடவுங்கள். கையை விரித்து வைத்துப் புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுப்படுகிற மாதிரி விலா தட்டுப்பட்டால் எடை சரி. உள்ளங்கையைத் தடவுகிற மாதிரி மெத்தென்று இருந்தால் தட்டில் கொஞ்சம் எடுத்துவிடலாம். திருப்பூர், கோவைப் பக்கம் அபார்ட்மென்ட்டில் வளரும் லாப்ரடார்களில் பாதிக்கு இந்த ஒரு மாற்றமே உணவுச் செலவைக் குறைத்துவிடும்.

இனித் தட்டில் வைக்க வேண்டியது. இருபது கிலோ எடையுள்ள, வளர்ந்த நாட்டு நாய் ஒன்றுக்கு ஒரு நாள் கணக்கு சொல்கிறேன். அரிசி நொய்யோ ராகி மாவோ 150 கிராம், வேகவைப்பதற்கு முன் எடுத்த எடை. எலும்பில்லாத கோழிக்கறியும் இரைப்பையும் சேர்த்து 200 கிராம். ஒரு முட்டை. அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி), கேரட், பீன்ஸ் எது மலிவோ அதில் ஒரு கைப்பிடி. ஒரு டீஸ்பூன் எண்ணெய். எல்லாவற்றையும் உப்பு காரம் இல்லாமல் வேகவைத்து இரண்டு வேளையாகப் பிரியுங்கள். சுமார் தொள்ளாயிரம் கலோரி வரும், புரதமும் தேவைக்குக் குறையாது. சங்கிலியிலேயே கிடக்கும் நாய்க்கு இதில் கொஞ்சம் குறைக்கலாம்.

கறிக்கடையில் தோல் உரித்த கறியைவிட இரைப்பை, இதயம் மலிவாகக் கிடைக்கும், சத்தில் குறைச்சல் இல்லை. ஈரல் நல்லதுதான், ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை சின்னத் துண்டுக்கு மேல் வேண்டாம், விட்டமின் ஏ மிஞ்சிப்போகும். கழுத்து வாங்கினால் வேகவைத்து எலும்பை நீக்கிவிட்டுப் போடுங்கள். வெந்த கோழி எலும்பு சிலாம்பாக உடையும். திங்கட்கிழமை காலையில் என்னிடம் வாந்தியோடு வரும் நாய்களில் சிலவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தட்டுதான் காரணம். மேட்டூர், பவானிசாகர் அணை ஜிலேபி மீன் மலிவாக வரும் நாட்களில் கறிக்குப் பதில் அதை வேகவைத்து முள் எடுத்துப் போடலாம். கறி வாங்க முடியாத நாளில் மீல்மேக்கர் கைகொடுக்கும். அதில் பாதிக்குப் பாதி புரதம். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, நன்றாக வேகவைத்து, ஒரு முட்டையோடு பிசைந்து கொடுங்கள். வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, தயிர் ஒத்துக்கொள்ளும்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள் நாய்க்குக் கறியே காட்ட மாட்டார்கள். “ருசி கண்டுக்கிச்சுன்னா நம்ம பட்டியிலயே வாய வெச்சுருமுங்க” என்பார்கள். நாய்கள் பட்டி புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்டதில் எத்தனை குடும்பம் நொடிந்தது என்று நேரில் பார்த்தவள் நான், அந்தப் பயத்தை லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வெந்த கோழிக்கறி தின்ற நாய் அதனால் ஆட்டைக் கடிக்கப் போவதில்லை. ஓடுகிற உயிரைத் துரத்திப் பிடிப்பது பழக்கத்தாலும் கூட்டம் சேர்வதாலும் வருவது. ரோட்டோரம் கொட்டும் கோழிக்கழிவு அந்தக் கூட்டத்தைச் சேர்க்கிறது. மனம் ஒப்பவில்லையென்றால் கறியை விடுங்கள், முட்டையும் மீல்மேக்கரும் தயிரும் போடுங்கள். வெறும் கம்மஞ்சோறும் மோரும் ராத்திரி முழுக்கக் காவல் நிற்கும் நாய்க்குப் போதாது. ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாக மட்டும் எறியாதீர்கள். அதிலிருக்கும் நாடாப்புழுக் கட்டி நாய்க்குள் போய் முட்டையாக வெளியேறி, மனிதரின் ஈரலில் கட்டியாக வந்து நிற்கும்.

மிச்சம் மீதியைப் போடுகிறோம், தனியாகச் செலவே இல்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம சமையல் சின்ன வெங்காயத்தில்தான் நிற்கிறது. பள்ளிபாளையம் சிக்கனை விடுங்கள், அரிசிம்பருப்புச் சாதத்திலேயே வெங்காயமும் பூண்டும் உண்டு. நாயின் சிவப்பணுக்களை அது உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. பத்துக் கிலோ நாய்க்கு 50 கிராம் வெங்காயம் ஒரே நாளில் உள்ளே போவதே ஆபத்து. ஈறு வெளுத்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் உடனே தூக்கி வாருங்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதற்குக் காரணமாகக் கருதப்படும் டார்டாரிக் அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறது, புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால் சாம்பாரும் புளிக்குழம்பும் வேண்டாம். பருப்பு வெந்ததும், புளியும் வெங்காயமும் சேருவதற்கு முன்னால், இரண்டு கரண்டி தனியாக எடுத்து வைத்துவிட்டால் போயிற்று.

முட்டை ஓட்டைத் தூர எறியாதீர்கள். கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மிக்சியில் மாவாக அரையுங்கள். விரலில் நெருடக்கூடாது. ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம். மேலே சொன்ன இருபது கிலோ நாய்க்கு, ராகி என்றால் தினம் அரை டீஸ்பூன், நொய் என்றால் முக்கால். அப்போதும் துத்தநாகம், அயோடின், விட்டமின் ஈ போன்றவை குறையும். 2013-ல் அமெரிக்காவின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசியபோது, நூற்றுக்கு 95-ல் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. என் கணக்கும் அதற்கு விலக்கில்லை. நாய்களுக்கென்று உள்ள தாதுச் சத்துப் பொடியைக் கேட்டு வாங்குங்கள், அல்லது ஒரு வேளை கம்பெனித் தீவனம், ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு என்று வையுங்கள்.

தீவன மூட்டையைக் கிலோ விலை பார்த்து வாங்காதீர்கள். மலிவான மூட்டையில் நாயின் எடைக்கு 400 கிராம் என்று போட்டிருக்கும், கொஞ்சம் விலை கூடியதில் 280 கிராமே போதும். ஒரு நாள் செலவைப் போட்டுப் பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். சாக்கைப் பிரித்து வைத்துக் கிலோக் கணக்கில் அள்ளித் தரும் தீவனம் வேண்டவே வேண்டாம். கொழுப்பு காறிப்போயிருக்கும், எப்போது பிரித்தது என்று யாருக்கும் தெரியாது. மாட்டுக்கு வாங்கிய கடலைப்புண்ணாக்கு, பூசணம் பிடித்த மக்காச்சோளம் இரண்டும் அதைவிட மோசம். அதில் வளரும் பூசணம் உண்டாக்கும் அப்ளாடாக்சின் நஞ்சை நாயின் ஈரல் தாங்காது. மஞ்சள் காமாலையோடு வந்த ஒரு கன்னி இன நாயை மூன்று நாள் டிரிப் போட்டும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. வீட்டுக்காரர் தினமும் புண்ணாக்குத் தண்ணீரில் சோறு பிசைந்து கொடுத்திருந்தார், சத்து என்று நினைத்து.

குட்டிகளுக்கு மேலே சொன்ன எதையும் அப்படியே செய்ய வேண்டாம். எடைக்கு எடை பார்த்தால் அவற்றின் கால்சியத் தேவை பெரிய நாயைப்போல் பல மடங்கு, வீட்டில் அதைச் சரியாக நிரவுவது கஷ்டம். முதல் ஒரு வருடம் குட்டிகளுக்கான தீவனத்தையே முக்கியமாகக் கொடுங்கள், காசைச் செலவழிக்க வேண்டிய இடம் அது. அதோடு கால்சியம் டானிக் சேர்க்காதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிஞ்சினாலும் எலும்பு கோணும்.

பெரியம்மாவின் குட்டிக்குக் குட்டித் தீவனமும் மருந்தும் எழுதிக் கொடுத்து, எலும்பு ஒடியாமல் இருக்க ஆறு வாரம் ஓடவிடாமல் கூண்டில் வைக்கச் சொன்னேன். போன வாரம் அதே கூடையில் வந்தது, ஆனால் உள்ளே இருக்கமாட்டேன் என்று எட்டிக் குதிக்கப் பார்த்தது. இடது காலில் கொஞ்சம் வளைவு மிச்சம் இருக்கிறது, அது அப்படியேதான் இருக்கும்.

உணவை மாற்றுவதானால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை குடற்புழு மருந்து கொடுங்கள், இல்லையென்றால் போடுகிற முட்டையில் புழுவுக்கும் பங்கு போகும். வயதான நாய், சிறுநீரகமோ ஈரலோ கெட்ட நாய், சினை நாய் என்றால் எதையும் மாற்றுவதற்கு முன் காட்டுங்கள். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டலாம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் தேவைப்பட்டால் நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும்போது நாய்க்கு ஒரு நாளில் என்னென்ன போடுகிறீர்கள் என்று, பிஸ்கட் உள்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.