டெலிவரபிலிட்டி: அனுப்பியாச்சு, கிட்டிச்சா?

"அனுப்பியாச்சுன்னு சொல்லுதீங்க, எனக்கு ஒண்ணும் கிட்டல்லியே அண்ணே." குலசேகரம் பக்கம் கிராம்பு விற்கும் ஒருவருக்கு இணையதள வேலை நான்தான் பார்க்கிறேன். விலை கேட்டு எழுதிய நாகர்கோவில் கடைக்காரர் அவரிடம் போனில் சொன்னது இது. சர்வர் பதிவைத் திறந்தால் 250 என்று இருக்கிறது, அதாவது எதிர் சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது. வாங்கி ஸ்பேமில் போட்டுவிட்டது, அவ்வளவுதான். டெலிவரி ஆயிற்று, டெலிவரபிலிட்டி, அதாவது இன்பாக்ஸில் போய்ச் சேரும் தன்மை, இல்லை.

'டெலிவர்' என்பதன் வேர் லத்தீனில் விடுவிப்பதைக் குறிக்கும் 'லிபெராரே'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கையிலிருப்பதை விடுவது, ஒப்படைப்பது என்று ஆனது. வேரில் அனுப்புகிறவர்தான் இருக்கிறார், வாங்குகிறவரைக் காணோம்!

தமிழில் டெலிவரிக்குத் தபாலாபீஸ் சொல்லான பட்டுவாடா போதும். டெலிவரபிலிட்டிக்கு 'வழங்குதிறன்' எனக்கு ஒட்டவில்லை, வழங்குவது கொடுக்கிறவர் வேலை. கடிதம் 'வந்து சேர்ந்தது' என்றுதானே சொல்கிறோம், அதனால் சேர்திறன். எங்க ஊருக்கு மட்டும் என்றால் கிட்டுதிறன் என்றே வைத்திருப்பேன்.

மின்னஞ்சலில் இருக்கும் 'அஞ்சல்' எங்களுக்குப் பழைய சொந்தம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதற்கு முன் திருவிதாங்கூர்ப் பகுதி, திருவிதாங்கூர் அரசு தானே நடத்திய தபாலுக்குப் பெயரே அஞ்சல். 1951-ல்தான் அது இந்தியத் தபாலோடு இணைந்தது. அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலோடு ஓடுவார், 1888-ல் வந்த அஞ்சல்தலையில் சங்கு முத்திரை இருக்கும்.

மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயரான டொமைனுக்கும் கேள்வி அதேதான்: கொண்டுவருவது யார், முத்திரை உண்டா? உன் பெயரில் மெயில் கொண்டுபோக எந்த சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல் எஸ்பிஎஃப். வழியில் யாரும் திருத்தவில்லை என்று காட்டும் முத்திரை டிகேஐஎம். இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி, நடந்ததற்கு அறிக்கையும் கேட்பது டிமார்க். ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களிடம் ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் மூன்றையும் கேட்கிறது, ஸ்பேம் என்று புகார் வருவதும் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. கிராம்புக்காரர் நாளைக்கு பத்து மெயில் அனுப்பினால் அதிகம், ஆனாலும் முத்திரை இல்லாத கடிதத்தை யார் நம்புவார்?

சோதிப்பது எளிது. ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, மூன்று புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள், மூன்றுக்கும் பாஸ் என்று வர வேண்டும். எங்களுக்கு வரவில்லை. டொமைனின் விவரங்களைப் பதிந்துவைக்கும் டிஎன்எஸ்ஸில் போய்ப் பார்த்தால் எஸ்பிஎஃப் வரி இரண்டு இருந்தது, ஹோஸ்டிங் எடுத்தபோது போட்டது ஒன்று, மெயில் சேவையை மாற்றியபோது நானே போட்டது இன்னொன்று. ஒரு டொமைனுக்கு ஒரு வரிதான், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. டிகேஐஎம்மோ போடவே இல்லை. இரண்டு வரியையும் ஒன்றாக்கி, டிகேஐஎம் சாவியையும் போட்டு, மறுநாள் விலைப்பட்டியலைத் திரும்ப அனுப்பினோம்.

மத்தியானம் கடைக்காரர் போன் செய்தார். "மெயில் கிட்டிச்சு. வெலதான் கூடுதலாக்கும்."