சார்ஜ்: வண்டிக்கு ஏற்றம், கம்பிக்குச் சுமை

'சார்ஜ்' என்ற சொல்லை நாம் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. போனுக்குச் சார்ஜ் போடுகிறோம். புதிதாக வந்த அதிகாரி சார்ஜ் எடுத்துக்கொள்கிறார். வழக்கு என்றால் சார்ஜ் ஷீட், பில்லின் அடியில் சர்வீஸ் சார்ஜ். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று தோன்றும். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு சுமைவண்டி.

பழைய கெல்டிய மொழி ஒன்றில் வண்டிக்கு வழங்கிய பெயரை லத்தீன்காரர்கள் 'கார்ருஸ்' என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து 'கார்ரிகாரே' என்ற வினை பிறந்தது. வண்டியில் பாரம் ஏற்று என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது 'சார்ஜ்' ஆகியிருந்தது. அங்கிருந்து கிளைகள் விட்டன. பொறுப்பு என்பது தோளில் ஏற்றிய பாரம். குற்றச்சாட்டு என்பது தலையில் சுமத்தியது. நாமும் 'பழி சுமத்தினான்' என்றுதானே சொல்கிறோம். கப்பல் சரக்கைக் குறிக்கும் 'கார்கோ' இதே குடும்பம். மூக்கையும் காதையும் அளவுக்கு மீறிப் பெரிதாக்கி வரையும் 'கேரிகேச்சர்'கூட இதே குடும்பம்தான், முகத்தில் பாரம் ஏற்றிய படம்! 'கார்' என்ற சொல்லுக்கும் மூலம் அந்தக் கார்ருஸ்தான். ஆக, 'காரைச் சார்ஜ் பண்ணு' என்பவர் வேரளவில் வண்டி என்பதையே இரண்டு தடவை சொல்கிறார்.

மின்சாரத்துக்கு இந்தச் சொல் வந்தது துப்பாக்கி வழியாக. பழைய துப்பாக்கியில் ஒரு முறை சுடுவதற்கான மருந்தைக் கெட்டிப்பதும் சார்ஜ்தான். 1745-46இல் லெய்டன் ஜாடி வந்தது. மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, தொட்டால் படீரென்று அதிர்ச்சி கொடுக்கிற கண்ணாடிச் சாடி. அதை நிரப்புவதும் காலி செய்வதும் துப்பாக்கி கெட்டித்துச் சுடுவதைப் போலவே இருந்ததால் அதே சொற்கள் ஒட்டிக்கொண்டன. இப்படிப் பல சாதனங்களைச் சேர்த்து இணைத்த தொகுதிக்குப் பெஞ்சமின் பிராங்கிளின் 1749இல் 'பேட்டரி' என்று பெயர் வைத்தார். பீரங்கி வரிசைக்கு வழங்கிய பெயர் அது. பின்னர் 1859இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய ஈய அமில மின்கலத்தைச் செய்தார். இன்று மின்காரின் அடியில் கிடக்கும் பேட்டரிப் பெட்டிக்கு வந்த சொற்கள் இவை.

சரி, தமிழில் என்ன சொல்வது? இரண்டு சொற்கள் போட்டியிடுகின்றன: மின்னூட்டம், மின்னேற்றம். என் ஓட்டு மின்னேற்றத்துக்கு. காரணத்தை அகராதியில் தேட வேண்டாம், பேச்சைக் கேட்டாலே போதும். 'சார்ஜ் ஏறவே மாட்டேங்குது', 'சார்ஜ் சீக்கிரம் இறங்கிடுது' என்கிறோம். 'சார்ஜ் ஊட்டினேன்' என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கியவர்கள் வினையைத் தமிழிலேயே சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வண்டியில் மூட்டையை ஏற்றுகிறோம், இறக்குகிறோம். மின்சாரத்தையும் அப்படியே. லத்தீன் வினை சொன்னதும் இதைத்தான்.

மின்னூட்டம் தேவையில்லாத சொல் அல்ல. எலக்ட்ரானுக்கு இருக்கும் இயற்பண்பைக் குறிக்க இயற்பியல் பாடநூல்களில் அது நிலைத்துவிட்டது. பண்புக்கு மின்னூட்டம், செயலுக்கு மின்னேற்றம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. இலங்கைப் பாடநூல்கள் பண்பையே 'ஏற்றம்' என்கின்றன. அங்கே படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை கொஞ்சம் உறுத்தும். மின்னேற்றம் வந்தால் அதன் பிள்ளைகளும் கூடவே வந்துவிடும்: மின்னேற்றி, மின்னேற்ற நிலையம், மின்னிறக்கம்.

இடையில் ஒன்று. மின்காருக்காக வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டியைச் சார்ஜர் என்கிறோமே, அது சார்ஜர் இல்லை. வீட்டுக்கு வருவது மாறுமின்சாரம் (ஏசி), பேட்டரி ஏற்பது நேர்மின்சாரம் (டிசி). ஒன்றை மற்றொன்றாக்கும் மின்னேற்றி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப்பெட்டி வண்டியோடு பேசி, பாதுகாப்பாக மின்சாரத்தைத் திறந்துவிடும் வாசல் மட்டுமே. நெடுஞ்சாலையோரத்து விரைவு நிலையத்தில்தான் உண்மையான மின்னேற்றி வெளியே நிற்கிறது. அங்கே நேர்மின்சாரம் நேராகப் பேட்டரிக்குள் போகிறது.

இனி கம்பியின் பக்கம் வருவோம். மின்நிலையத்திலிருந்து வீடு வரை மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிப் பின்னலை ஆங்கிலத்தில் 'கிரிட்' என்கிறார்கள். இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித்தட்டின் பெயரிலிருந்து சுருங்கிய சொல் அது. தமிழில் மின்கட்டமைப்பு, மின்தொகுப்பு, மின்வலை மூன்றும் வழங்குகின்றன. மின்னேற்ற 'உட்கட்டமைப்பு' பற்றி எழுதும்போது 'மின்கட்டமைப்பு' வந்து இடிக்கும், அதனால் இந்த இடத்துக்கு மின்தொகுப்பு வசதி.

அந்த மின்தொகுப்பின் பார்வையில் நம் வண்டிக்குப் பெயர் 'லோடு', அதாவது மின்சுமை. வண்டிக்கு ஏற்றம் என்பது கம்பிக்குச் சுமை. செயல் ஒன்றுதான், நிற்கிற பக்கம்தான் வேறு. மின்னேற்றத் திட்டமிடலில் வரும் தலைவலியெல்லாம் இந்த இரண்டாவது பக்கத்தை மறப்பதால் வருவது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மின்கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 முதல் 20 யூனிட் எடுக்கும். தினம் 40 கிலோமீட்டர் ஓடினால் 6 முதல் 8 யூனிட். பெரிய தொகை இல்லை. ஆனால் 230 வோல்ட், 32 ஆம்பியர் இணைப்பில் அந்த வண்டி இழுப்பது ஏறத்தாழ 7.4 கிலோவாட். யூனிட் என்பது குடத்தில் நிரம்பிய தண்ணீர், கிலோவாட் என்பது குழாயில் வரும் வேகம். மின்தொகுப்பு அஞ்சுவது குடத்துக்கு அல்ல, எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறப்பதற்கு. வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை நேரம் பெரும்பாலான ஊர்களில் ஏற்கெனவே உச்சத் தேவை நேரம். வந்ததும் வண்டியைச் செருகினால் உச்சத்தின் மேல் உச்சம்.

அடி விழுவது முதலில் தெருமுனை மின்மாற்றிக்கு. எண்ணெயில் மூழ்கிய செப்புச் சுருளும் காகிதக் காப்பும்தான் அதன் உள்ளே. மாலையில் சூடேறி, பின்னிரவில் ஊர் தூங்கும்போது ஆறும். அப்படி ஆறுவதை நம்பித்தான் அது நாற்பது ஆண்டுகள்கூட ஓடுகிறது. தெருவில் பத்து வண்டிகள் இரவெல்லாம் ஏற்றினால் அது ஆற இடமில்லை. சுருளின் மிகச்சூடான இடத்தில் வெப்பம் ஒவ்வொரு 6 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் சாதாரணக் காகிதக் காப்பு மூப்படையும் வேகம் இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. மயிற்பீலிதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தப்பிக்கும் வழியும் அதே கணக்கிலேயே இருக்கிறது. வண்டி பத்து மணி நேரம் நிற்கிறது, ஏற்றத்துக்குத் தேவை ஒரு மணி நேரம். மீதி ஒன்பதில் எங்கே வேண்டுமானாலும் தள்ளலாம். ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி. நள்ளிரவு 12க்குக் கட்டணம் குறையும் என்று அறிவித்தால், எல்லா வண்டியின் டைமரும் சரியாக 12க்கு விழித்துக்கொள்ளும். பழைய உச்சத்தைத் தணிக்கப் போய்ப் புது உச்சம். பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்த விதி இதை நேராகவே பிடிக்கிறது: விற்கப்படும் தனியார் மின்னேற்றப் பெட்டி ஒவ்வொன்றும் 10 நிமிடம் வரை ஏதோ ஒரு தாமதத்தைத் தானே குலுக்கிப் போட்டு எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும். வண்டிக்காரருக்கு நட்டமில்லை, கம்பிக்கோ பெரிய நிம்மதி. இந்த வகை ஏற்பாட்டை 'ஸ்மார்ட் சார்ஜிங்' என்கிறார்கள். 'திறன்மிகு' என்று சொல்லுக்குச் சொல் போடுவதைவிட 'நேரமறிந்த மின்னேற்றம்' என்றால் விஷயமே விளங்கிவிடும்.

விரைவு நிலையத்துக்கு இந்தத் தந்திரம் செல்லாது. வந்தவர் காத்திருக்க மாட்டார். 150 கிலோவாட் முனைகள் பத்து முழு வீச்சில் ஓடினால் 1.5 மெகாவாட். அதற்குத் தனி மின்மாற்றி, உயர் அழுத்த இணைப்பு, சில இடங்களில் புதிய மின்பாதையே தேவைப்படும். ஆறுதல் என்னவென்றால், பேட்டரி சுமார் 80 சதவீதத்தைத் தாண்டியதும் ஏற்றத்தின் வேகம் தானாகக் குறைந்துவிடும். அதனால் பத்தும் ஒன்றாக உச்சத்தில் நிற்பது அரிது. நிலையத்திலேயே ஒரு பேட்டரியை வைத்து மெல்ல நிரப்பி வேகமாகக் கொடுப்பதும் உண்டு.

ஏற்றம் என்றால் இறக்கமும் உண்டல்லவா? நிற்கிற வண்டிகளின் பேட்டரியிலிருந்து மின்தொகுப்புக்கே திருப்பிக் கொடுக்கலாம் என்ற யோசனையை அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லெட் கெம்ப்டனும் ஸ்டீவன் லெட்டெந்திரேயும் 1997இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். இதற்கு 'மின்தொகுப்புக்கு மின்னிறக்கம்' என்பது பொருந்தும். 'சுமையிறக்கம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'லோடு ஷெட்டிங்' என்று படித்துவிட்டு, மின்வெட்டு வரப்போகிறது என்று மெழுகுவத்தி தேடுவார்கள்.