புல் வெட்டும் மெஷினுக்கு ஆயிலைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள்

கார்த்திகை மழை ஓய்ந்ததிலிருந்து தை முடியும் வரை காரைக்குடி வட்டாரத்தில் புல் வெட்டும் மெஷின்களுக்கு ஓய்வே கிடையாது. கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு), பொங்கல் என்று வெளியூரில் இருக்கிறவர்கள் வந்து இறங்குவார்கள். அதற்குள் பூட்டிக் கிடந்த வீட்டின் கொல்லையில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் புல்லையும் செடியையும் வெட்டியாக வேண்டும். என் பட்டறையில் பழுதான மெஷின்கள் குவிவதும் அப்போதுதான்.

இந்த வாரம் பள்ளத்தூரிலிருந்து ஒரு 52 சிசி 2 ஸ்ட்ரோக் மெஷின் வந்தது, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுகிற வகை. வாங்கி ஒரு சீசன்கூட ஓடவில்லை, ஸ்டார்ட் செய்ய இழுக்கிற கயிறு அசைய மறுக்கிறது. சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனில் கோடு கோடாகக் கீறல். கொண்டுவந்தவர் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். ஆயில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "அதுல குறையே வைக்கலண்ணே, லிட்டருக்கு அஞ்சு மூடி ஊத்துனேன். ஆயில் கூடுனா இன்ஜினுக்கு நல்லதுதானே?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆயில் கூடினால் நல்லது இல்லை. டிவிஎஸ் 50 ஓடிய காலத்தில் பெட்ரோல் பங்கில் ஆயில் சேர்த்து அடித்துக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டே ஊரைச் சுற்றிய பழக்கம் இன்னும் மனதில் இருக்கிறது. நாள் முழுக்க முழு வேகத்தில் கத்துகிற இந்தச் சின்ன இன்ஜினுக்கு அந்தப் பழக்கம் ஒத்துவராது.

ஆயில் கூடினால் என்ன ஆகும்? முழுதாக எரியாத ஆயில் கரியாகி, பிளக்கிலும் சைலன்சரிலும் பிஸ்டன் ரிங் உட்காரும் பள்ளத்திலும் படியும். ரிங் ஒட்டிக்கொள்ளும், இழுவை குறையும், புகை அதிகமாகும். பலர் மெஷினைக் கெடுப்பது இதற்கு அடுத்த படியில். புகை வருகிறதே என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்து கார்பரேட்டர் ஸ்க்ரூவை இறுக்குவார்கள். புகை குறையும், சத்தம் கூர்மையாகும், சரியாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் உள்ளே போகிற பெட்ரோல்தான் குறைந்திருக்கிறது. இந்த இன்ஜினுக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் நனைக்கிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். அரை மணி நேரம் வெயிலில் முழு வேகத்தில் வெட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலில் ஐந்து மூடி ஆயில் கலந்திருந்தும், இன்ஜின் ஆயில் இல்லாமல்தான் செத்தது.

அதனால் மூடிக் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு கம்பெனி மூடியும் இன்னொரு கம்பெனி மூடியும் ஒரே அளவு இல்லை. மில்லியில் அளந்து ஊற்றுங்கள். 50க்கு 1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 40க்கு 1 என்றால் 25 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. உங்கள் மெஷினுக்கு எது என்பதை அதன் புத்தகத்திலோ டேங்க் மூடிப் பக்கத்திலோ பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். அவருடைய மெஷின் வேறு. சில கம்பெனிகள் தங்கள் ஆயிலுக்கு ஒரு கணக்கும் மற்ற ஆயிலுக்கு வேறு கணக்கும் போட்டிருக்கும், அதையும் கவனியுங்கள். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி ஆயில் டப்பாவோடு கட்டி வையுங்கள், போதும்.

ஆயில் என்றால் 2டி ஆயில், 2 ஸ்ட்ரோக் இன்ஜினுக்கென்றே செய்தது. டப்பாவில் ஜாசோ எஃப்டி அல்லது எஃப்சி என்று தரக் குறி போட்டிருக்கும். பைக்குக்கு ஊற்றுகிற இன்ஜின் ஆயில் எரிவதற்காகச் செய்தது இல்லை, எரிந்தால் சாம்பலை விட்டுப் போகும். பைக்கிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றிக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கலப்பது தனி கேனில். பாதி பெட்ரோல், அதில் அளந்த ஆயில், மூடிக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை விட்டு மறுபடி குலுக்குங்கள். மெஷின் டேங்கில் நேராக ஆயிலை ஊற்றினால் அது அடியில் போய் நிற்கும். ஒவ்வொரு தடவை ஊற்றும் முன்பும் கேனை ஒரு குலுக்கு. இன்ஜின் ஆறட்டும், பீடியை அணையுங்கள். செம்மண் புழுதி உள்ளே போகாதபடி டேங்க் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறங்கள்.

ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்கிறேன். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்காதீர்கள். விசேஷத்துக்குப் பிள்ளைகள் நிறைந்திருக்கிற வீடு. தாகத்தில் எடுத்து வாயில் வைக்க ஒரு நொடி போதும்.

கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் கூடினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், அந்தப் பகுதியில் ஆயில் சேராது. டேங்கின் அடியிலிருந்துதான் மெஷின் உறிஞ்சுகிறது. படைப்பு முடிந்து வீட்டைப் பூட்டும்போது டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள். அடுத்த தடவை வீட்டுக்கார ஆச்சி வரும்போது கார்பரேட்டருக்குள் இருக்கிற டயாபிரம் என்கிற மெல்லிய சவ்வு விறைத்துப்போய்க் கிடக்காது.

4 ஸ்ட்ரோக் மெஷின்களும் இப்போது நிறைய விற்கின்றன. ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் அது 4 ஸ்ட்ரோக், அதன் டேங்கில் கலந்த பெட்ரோல் ஊற்றக் கூடாது. வேலைக்கு வருகிறவரிடம் மெஷினைக் கொடுக்கும்போது இதை வாயால் சொல்லிக் கொடுங்கள், கேனில் அளவை எழுதியும் ஒட்டுங்கள்.

தெரியாமல் 2 ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டால், ஸ்டார்ட் செய்யாமல் வடித்துவிட்டுச் சரியாகக் கலந்ததை ஊற்றுங்கள், ஒன்றும் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும்போது இழுவை குறைந்து நின்று, கயிறும் இறுகிவிட்டதென்றால் மறுபடி மறுபடி இழுக்காதீர்கள். அப்படியே கொண்டு வாருங்கள். சிலிண்டர் தப்பித்திருந்தால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றியே சரிசெய்துவிடலாம்.