மீனின் சதையில் மூன்று பாதரசம்

"ரசாயனம் கலப்பதை இன்றே நிறுத்தினால் ஏரி மீன் எப்போது சுத்தமாகும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தண்ணீரைச் சோதித்தால் மட்டும் விடை கிடைக்காது. பாதரசத்தையே எடுத்துக்கொள்வோம். அடிச்சேற்று பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக்கும்; உயிர்களின் உடம்பில் எளிதில் சேரும் நச்சு வடிவம் அது. மிதவை உயிரி, சின்ன மீன், வேட்டை மீன் என்று உணவுச் சங்கிலியில் ஏற ஏறச் செறியும். இதெல்லாம் பள்ளிப் பாடம்.

சிக்கல் வேறு. மீனில் உள்ள பாதரசம் காற்றிலிருந்து நேற்றைய மழையோடு வந்ததா, எப்போதோ சேற்றில் படிந்ததா? பார்த்துச் சொல்ல முடியாது. கனடாவின் ஒன்டாரியோவில், ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் ஒன்றான 658ஆம் எண் ஏரியில் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். பாதரசத்துக்கு நிலையான ஐசோடோப்புகள், அதாவது அணுவின் எடை மட்டும் வேறுபடும் வகைகள், ஏழு. அவற்றில் எடை எண் 202 உள்ளதை ஏரியிலும், 198ஐச் சதுப்பிலும், 200ஐ மேட்டுக் காட்டிலும் 7 ஆண்டுகள் தூவினார்கள். பாக்டீரியாவுக்கும் மீனுக்கும் மூன்றும் ஒன்றுதான். ஆனால் மீனின் முதுகிலிருந்து துளிச் சதை எடுத்து, மீனைத் திரும்ப நீரில் விட்டுவிட்டு, அந்தச் சதையை அணுக்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் வைத்தால் எது எங்கிருந்து வந்தது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

பிறகு தூவுவதை நிறுத்தினார்கள். கீழ்மட்ட உயிரிகளில் அடையாளமிட்ட மெத்தில் பாதரசம் 91% வரை மளமளவென்று இறங்கியது. பெரிய மீன்களில் 8 ஆண்டுகளில் 38 முதல் 76% வரை குறைந்தது. ஏன் இந்த வித்தியாசம்? வயதான மீன் உடம்பில் சேர்ந்ததை லேசில் வெளியேற்றாது. புதிதாகப் பிறந்த குஞ்சுகளோ ஆரம்பத்திலிருந்தே சுத்தமான இரையைத் தின்று வளர்கின்றன. பழைய கடன்காரர் கடனை அடைத்ததைவிட, கடன் வாங்காத பிள்ளைகள் தலையெடுத்ததுதான் பெரிய காரணம். அதனால் ஒரு மீனை மட்டும் பார்த்து ஏரி தேறவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

15 ஆண்டுச் சோதனை இது. மூன்று வருடத்துக்குள் முடிவு கேட்கும் நிதி முறையில் இப்படி ஒன்றைத் தொடங்கவே முடியாது. இந்த ஏரிகளின் ஆய்வு மையத்துக்கே 2012இல் கனடிய அரசு நிதியை நிறுத்துவதாக அறிவித்தது; 2014இல் வேறொரு நிறுவனம் ஏற்று நடத்த முன்வந்ததால் பிழைத்தது. அரைகுறையாக முடிக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம்தான் வீண்செலவு என்பேன்.

ஆக, வாசகருக்கு விடை: ஏரியில் நேரடியாக விழுந்த பாதரசம் என்றால் சில ஆண்டுகளிலேயே மாற்றம் தெரியும். கரையில் விழுந்தது அப்படியல்ல. காட்டிலும் சதுப்பிலும் தூவியதில் பெரும்பகுதி ஏரிக்கு வராமல் மண்ணிலேயே தங்கிவிட்டது. அப்படி நிலத்தில் சேர்ந்தது, காற்று சுத்தமான பிறகும் ஏரிக்குள் கசிந்துகொண்டிருக்கலாம்.