வெளிச்சம் இருக்க ‘ஒளிமறைமொழி’ எதற்கு?

கிளிநொச்சிப் பக்கம் மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை வாயாலேயே நடத்திச் செல்லும் கதைவிளையாட்டு ஆடும் பொடியள் சிலர், விதிகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் அந்தக் கொப்பியின் முதற்பக்கத்திலேயே ‘ஒளிமறைமொழி’ என்று ஒரு சொல் குந்திக்கொண்டிருக்கிறது. இருட்டுக் குகைக்குள் இறங்கும் மந்திரவாதி ஒரு கல்லையோ தடியையோ தொட்டு அதைச் சுடர்விட வைப்பான் அல்லவா, அந்த மந்திரத்தின் பெயராம். ஆங்கிலத்தில் அது வெறும் ‘லைற்’. இந்த மொழிபெயர்ப்பைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’தான் பொடியள் ஆடும் விளையாட்டு. அதன் முதற்பதிப்பிலேயே இந்த மந்திரம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, பத்தடிக்கு மேற்படாத ஒரு பொருளைத் தொட்டால் அதைச் சுற்றி 20 அடி தூரத்துக்கு நல்ல வெளிச்சமும், அதற்கப்பால் இன்னும் 20 அடிக்கு மங்கலும் ஒரு மணிநேரம் நிற்கும். துணியால் முழுக்கப் பொத்தினால் மறைந்துவிடும். மந்திரவாதியின் கையில் இருக்கவேண்டியது ஒரு மின்மினி, அல்லது இருட்டில் மினுங்கும் பாசி. அவ்வளவுதான்.

சொல்லின் வேர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ‘லைற்’ பழைய ஆங்கிலச் சொல். வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘லியூக்கோஸ்’ அதற்குத் தூரத்து உறவு. தமிழிலும் சங்கதி அப்படித்தான்: ‘வெள்’ என்ற வேரிலிருந்து வெள்ளை, வெள்ளி, வெளுப்பு, வெளிச்சம் எல்லாம் வருகின்றன. கிழக்கு வெளுக்கிறது என்கிறோமே, அதே வேர்தான். மந்திரத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘ஸ்பெல்’ என்பது முதலில் பேச்சு, கதை என்ற பொருளில் வழங்கி, பிறகு மந்திரச் சொல்லாக மாறியது.

சரி, ‘ஒளி’க்கு வருவோம். ஒளி என்றால் வெளிச்சம், யார் இல்லையென்றது? ஆனால் ஒளி என்றால் ‘மறைந்துகொள்’ என்பதும்தான். வன்னியில் எந்தப் பிள்ளையிடமும் போய் “ஒளி!” என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை வேலிக்குப் பின்னால் ஓடும், லைற் போடாது. அதற்கு மேல் மந்திரம் என்ற பொருளில் ‘மறைமொழி’யைக் கொண்டுபோய் ஒட்டினால் மறைவுக்கு மேல் மறைவு. புதிதாகப் படிக்கிறவர் இது ஆளைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் மந்திரம் என்றுதான் நினைப்பார். அப்படி ஒரு மந்திரம் அதே விளையாட்டில், அதே பட்டியலில், தனியாக இருக்கிறது. கொப்பியைப் பார்த்த ஒரு பொடியன் என்னிடமே கேட்டான்: “சேர், இது ஒளிக்கிறதோ, இல்லாட்டி வெளிச்சம் காட்டுறதோ?” கேள்விக்குள்ளேயே சரியான சொல்லை வைத்திருக்கிறான், பாருங்கள்.

இதற்கு அந்தக் குழுவில் ஒரு தம்பி மறுப்புச் சொன்னார். “இரண்டு பொருள் இருந்தால் என்ன அண்ணா, எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில ரோச்சுக்கு மின்சூள் எண்டுதானே கிடக்கு? சூள் எண்டால் சபதமும்தானே?” கெட்டிக்காரத்தனமான கேள்வி. சூள் என்பது காய்ந்த ஓலையைக் கட்டிக் கொளுத்தும் பந்தம், சூளுரையில் வரும் சூள் சபதம். இருந்தும் மின்சூளைக் கண்டு மின்சாரச் சபதம் என்று ஒருவரும் மயங்குவதில்லை. முன்னால் நிற்கும் ‘மின்’ அந்த வாசலை அடைத்துவிடுகிறது. தவிர, சபதமும் ரோச்சும் ஒரே இடத்தில் சந்திப்பது அரிது. இந்த விளையாட்டில் நிலைமை வேறு. குகைக்குள் போன நால்வரில் ஒருவர் பதுங்க வேண்டும், ஒருவர் வெளிச்சம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இழுபறி. அங்கே போய் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ஆட்டம் எப்படி ஓடும்?

‘மறைமொழி’க்கு மட்டும் பெரிய சாட்சி இருக்கிறது. “நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப” என்று தொல்காப்பியமே சொல்கிறது. தனித்தமிழ் ஆர்வலர்கள் இந்த வரியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். வரியின் கடைசியில் நிற்கும் சொல்லை அவர்கள் வாசிப்பதில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தொல்காப்பியருக்கே ‘மந்திரம்’ கூசவில்லை. வன்னியில் விஷகடி வைத்தியர் பார்வை பார்க்கும்போது வாய்க்குள் சொல்வதும் மந்திரம்தான், மறைமொழி அல்ல. (வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கு எரிக்கிறார்களே, அதை ஊரில் ஒருவரும் மந்திரம் என்று சொல்லமாட்டார்கள். அது அம்மனின் அற்புதம். விளையாட்டில் மந்திரவாதி, பூசகர் இருவருக்குமே இந்த வெளிச்சம் கைவரும் என்பதால் அங்கே இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தேவையில்லை.)

இன்னொரு கட்சி ‘ஒளிர்வு’ என்கிறது. இதில் பதுங்கும் குழப்பம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒளிர்கிற பொருள் தானாக மினுங்கும், வழி காட்டாது. கைக்கடிகாரத்து முள் இருட்டில் ஒளிரும். அதை நம்பி ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையில் நடப்பீர்களா? எதிரில் யானை நின்றாலும் தெரியாது. ‘ஃபெயரி ஃபயர்’ என்ற மந்திரம் ஒன்று இருக்கிறது, எதிரியின் உடலைச் சுற்றி மினுங்கல் கோடு போடும். அதற்கு வேண்டுமானால் ‘ஒளிர்வு’ பொருந்தும், தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.

என் தீர்ப்பு ‘வெளிச்சம்’. பட்டியலின் தலைப்பிலேயே ‘மந்திரங்கள்’ என்று போட்டாயிற்று, பிறகு ஒவ்வொரு பெயருக்கும் வால் ஒட்ட வேண்டியதில்லை. கலங்கரை விளக்கம் என்று தமிழ்நாட்டில் சொல்வதை நாங்கள் வெளிச்சவீடு என்கிறோம். முல்லைத்தீவில் நின்றதும் வெளிச்சவீடுதான். வெசாக்குக்குக் கட்டுவது வெளிச்சக்கூடு. இரவில் வயற்காவலுக்குப் போனால் “வெளிச்சத்தைப் பிடி” என்பார்கள், “வெளிச்சத்தை அங்கால அடி” என்பார்கள். பிடிக்கலாம், அடிக்கலாம், பொத்தலாம். மந்திரவாதி அந்தக் கல்லை வைத்துச் செய்கிற வேலை முழுவதும் இந்த மூன்று வினைகளுக்குள் வந்துவிடும். அப்புறம், இது வடமொழியும் அல்ல, ஆங்கிலமும் அல்ல, சுத்தமான தமிழ். தூய்மை பேசுகிறவர்கள் இதை ஏன் தள்ளிவைக்கிறார்கள்? குசினியில் புழங்குகிற சொல் என்பதால்தான். வீட்டுச் சொல் என்றால் மந்திரத்துக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று ஒரு பயம். ஆங்கிலக்காரனும் குசினிச் சொல்லைத்தானே வைத்திருக்கிறான்!

இந்தப் பயம் கொப்பி முழுக்கப் பரவியிருக்கிறது. மங்கல் பகுதிக்குக் ‘குறைநிலை ஒளி’ என்று எழுதியிருக்கிறார்கள். எங்களிடம் ‘மைமல்’ இருக்கிறது. மைமல் பொழுதில் ஆள் தெரியும், முகம் தெரியாது. விதி சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தான். ‘டான்சிங் லைற்ஸ்’ என்பதற்கு ‘நடன விளக்குகள்’ என்று போட்டது கலியாண மண்டபத்தில் மினுங்கும் கலர் பல்பைத்தான் நினைவூட்டுகிறது. பந்தம் அளவான நான்கு வெளிச்சங்கள் அந்தரத்தில் அலையும் மந்திரம் அது. ‘ஆடும் வெளிச்சம்’ போதும். கொள்ளிவால் பேய் என்று வைக்கலாமே என்று எனக்கும் ஆசைதான், ஆனால் அதே பெயருக்குரிய பூதம் ஒன்று விளையாட்டில் வேறாக இருக்கிறது, அதற்கு விட்டுவைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கேடு செய்தது ‘டேலைற்’. அதைச் ‘சூரிய ஒளி’ ஆக்கியிருக்கிறார்கள். இரத்தக்காட்டேரி வெயிலில் கருகும் என்பது விதி. ஆனால் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த மந்திரம் தருவது பகல்போன்ற வெளிச்சம் மட்டுமே, வெயில் அல்ல. பெயரை நம்பி ஒருவர் காட்டேரியை எரித்துவிட்டதாகச் சாதிக்க, ஆட்டம் பாதியில் நின்றது. தமிழில் வெயில் வேறு, பகல் வெளிச்சம் வேறு. வீட்டுக்குள் இருந்தால் பகல் வெளிச்சம் வரும், வெயில் படாது. இவ்வளவு துல்லியம் கையில் இருந்தும் இப்படி நடந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை உண்மையான வெயிலாகவே மாற்றிவிட்டார்கள். ஆகவே புதிய புத்தகத்தை வைத்து ஆடுகிறவர்கள் தாராளமாக ‘வெயில்’ என்றே எழுதலாம்.

அணையாமல், சூடில்லாமல் எரிந்துகொண்டே இருக்கும் ‘கன்டினியுவல் ஃபிளேம்’ மந்திரத்துக்குக் கொப்பியில் உள்ள பெயர் ‘தொடர் சுடர்’. விளையாட்டுப் போட்டிக்குத் தீபம் எடுத்து ஓடுவதுபோல இருக்கிறது. கோயிலில் இரவு பகலாக எரிவதை நந்தா விளக்கு என்று சோழர் காலத்துக் கல்வெட்டுகளே சொல்கின்றன. தூண்டாமணி விளக்கு என்ற பெயரும் எங்களிடம் உண்டு. இரண்டில் எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம்.