ரா சாக்லேட்: அடுப்பில்லாமல் வரும் சூடு

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் நடந்தால், தென்னையின் நிழலில் ஊடுபயிராகக் கோகோ மரங்கள் நிற்பதைப் பார்க்கலாம். பலாவைப் போலத் தண்டிலேயே காய்க்கும் மரம். காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை போர்த்திய முப்பது, நாற்பது விதைகள் இருக்கும். அந்த விதைகளைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலையோ சாக்கோ போட்டு மூடி வைக்கிறார்கள். மூன்றாம் நாள் பெட்டிக்குள் கையை விட்டால் சுடும். வெப்பமானியைச் செருகினால் 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை காட்டும். அடியில் நெருப்பு இல்லை, மேலே வெயிலும் இல்லை.

சமைக்காத உணவில் சாக்லேட்டுக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு இந்தப் பெட்டியிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

சமைக்காத உணவு நம் ஊருக்குப் புதிதல்ல. தேங்காய், வாழைப்பழம், முளைகட்டிய பயறு, ஊறவைத்த கடலை என்று இயற்கை உணவுப் பழக்கம் உள்ளவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். மேலை நாடுகளில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வெப்ப வரம்பும் வைத்திருக்கிறார்கள். சிலர் 42 டிகிரி என்பார்கள், சிலர் 46 அல்லது 48 வரை போகலாம் என்பார்கள். அதைத் தாண்டினால் உணவிலுள்ள நொதிகள் (என்சைம்கள்) செத்துவிடும், சத்தும் போய்விடும் என்பது அவர்கள் வாதம். ரா சாக்லேட், அதாவது பச்சை (raw) சாக்லேட், இந்தக் கூட்டத்துக்காகப் பிறந்தது. வழக்கமான சாக்லேட்டுக்குக் கோகோ விதையை 120 முதல் 150 டிகிரி வரை வறுப்பார்கள். ரா சாக்லேட்டில் வறுப்பது கிடையாது. வேறுபாடு முக்கியமாக அவ்வளவுதான். ‘ரா’ என்று உறையில் அச்சிட எவ்வளவு சூடு வரை போகலாம் என்று எல்லோரும் ஏற்ற ஒரு வரையறை இல்லை. தயாரிப்பாளர் சொல்வதை நாம் நம்ப வேண்டியதுதான்.

இப்போது பெட்டிக்குத் திரும்புவோம். உள்ளே நடப்பது, பனங்கள் புளித்துக் காடியாகும் அதே கதை. விதையைச் சுற்றியுள்ள சதையில் சர்க்கரை நிறைய இருக்கிறது. முதல் ஓரிரு நாள் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. கூடவே லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. சதை கரைந்து வழிந்தோட, குவியலுக்குள் காற்று புகுகிறது. ஆள் வந்து கிளறிவிடும்போது இன்னும் காற்று போகிறது. காற்று கிடைத்ததும் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் சாராயத்தைப் பிடித்துக் காடியின் அமிலமாக மாற்றுகின்றன. இந்த மாற்றம் நிறைய வெப்பத்தை வெளியிடும். கையைச் சுட்டது அந்த வெப்பம்தான்.

அந்தச் சூடும் அமிலமும் சேர்ந்து விதையைக் கொல்கின்றன. அதற்கப்புறம் அது முளைக்காது. செல்களின் சுவர் உடைந்து, தனித்தனி அறைகளில் இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. புரதம் சிறு துண்டுகளாக நறுக்கப்படுகிறது. சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. பின்னால் வறுக்கும்போது சாக்லேட் மணமாக மாறப்போகிறவை இந்தத் துண்டுகள்தான். புளிக்காத கோகோ விதையை எவ்வளவு நன்றாக வறுத்தாலும் அந்த மணம் வராது.

ஆக, முறையாகப் புளிக்கவைத்த விதை ‘ரா’ வரம்பைத் தோப்பிலேயே தொட்டுவிடுகிறது, பல நேரம் தாண்டியும் விடுகிறது. சில தயாரிப்பாளர்கள் குவியலை மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிச் சூட்டை அடக்குகிறார்கள். வேறு சிலர் புளிக்கவைப்பதையே விட்டுவிடுகிறார்கள். டொமினிக்கன் குடியரசில் புளிக்காமல் காயவைக்கும் கோகோவுக்குச் சாஞ்செஸ் என்றும், புளிக்கவைத்ததற்கு இஸ்பானியோலா என்றும் தனித்தனிப் பெயரே உண்டு. புளிக்காதது துவர்ப்பும் கசப்புமாக இருக்கும்.

அந்தத் துவர்ப்பைக் கொஞ்சம் கவனிப்போம், ஏனென்றால் சாக்லேட் உடம்புக்கு நல்லது என்று சொல்வதற்கான காரணம் அதற்குள்தான் இருக்கிறது. அந்தத் துவர்ப்பைத் தருபவை ஃபிளவனால் என்ற வகைப் பொருள்கள். அவற்றில் முக்கியமானது எபிகேட்டசின். இரத்தக்குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு அதிகமாகக் கிடைக்க உதவி, குழாய் தளர்ந்து விரியும்படி இவை செய்கின்றன. நாள் ஒன்றுக்கு 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் இரத்தக்குழாய்களின் நெகிழ்ச்சிக்கு உதவும் என்று 2012இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்டது.

இந்த ஃபிளவனால்களை அழிப்பது எது? வறுக்கும் சூடுதான் என்று ரா சாக்லேட் விற்பவர்கள் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. கடும் வறுவலில் ஃபிளவனால் குறைகிறது, எபிகேட்டசினின் ஒரு பகுதி உடம்பு குறைவாக உறிஞ்சும் வேறு வடிவத்துக்குத் திரும்பியும் விடுகிறது. ஆனால் பெரிய இழப்பு அதற்கு முன்பே, புளிக்கும் பெட்டியிலும் காயும் களத்திலும் நடந்து முடிந்துவிடுகிறது. அதைச் செய்வது விதைக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்று பெயர்.

இந்த நொதியைச் சமையல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், பெயர் மட்டும்தான் புதிது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, கத்தரிக்காய் பழுப்பாகிறதே, அது இதன் வேலைதான். வாழைப்பூவை ஆய்ந்து மோரில் போடுவது இதைத் தடுக்கத்தான். செல் உடைந்து காற்றுப் பட்டதும் இந்த நொதி துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துப் பழுப்பு நிறமாக்கிவிடும். கோகோ விதை உள்ளே ஊதா நிறத்திலிருந்து பழுப்புக்கு மாறுவதும் இப்படித்தான். அந்தப் பழுப்பு பரவப் பரவ எபிகேட்டசின் குறைகிறது.

சமைக்காத உணவின் அடிப்படை வாதம் நொதிகளைச் சாகவிடக் கூடாது என்பது. கோகோவில் அந்த வாதம் தலைகீழாகிவிடுகிறது. இங்கே நல்ல பொருளைத் தின்று தீர்ப்பதே உயிரோடிருக்கும் நொதி. 2007இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். புளிக்காத கோகோ விதையை 95 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தார்கள். நொதி செயலிழந்தது. அந்த விதையிலிருந்து செய்த தூளில் எபிகேட்டசின் சாதாரணக் கோகோத் தூளைவிடப் பல மடங்கு இருந்தது. நீலகிரியில் பச்சைத் தேயிலை செய்பவர்கள் பறித்த இலையை உடனே சூடாக்குவதும் இதே நொதியை நிறுத்தத்தான். சூடு காட்டியதால்தான் அது பச்சையாக இருக்கிறது.

நொதிகளை உயிரோடு சாப்பிட்டால் செரிமானத்துக்கு உதவும் என்ற எண்ணத்துக்கும் இங்கே ஒரு வார்த்தை. நொதி என்பது புரதம். வயிற்று அமிலத்தில் விழுந்தால் பெரும்பாலும் மற்றப் புரதத்தைப் போலவே அதுவும் செரித்துவிடும். கோகோவின் நொதி நம் வயிற்றில் வேலை செய்யும் என்று எதிர்பார்க்கக் காரணமே இல்லை.

வறுவலைவிட ஃபிளவனாலைக் கடுமையாகத் தாக்கும் இன்னொன்று காரம், அதாவது ஆல்கலி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் கொண்டுவந்த முறை இது. கோகோத் தூளோடு காரப்பொருள் சேர்த்தால் கசப்பு குறையும், நிறம் கருமையாகும், பாலில் நன்றாகக் கலக்கும். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், காரம் சேர்க்காத தூள்களில் கிராமுக்குச் சராசரியாக 34.6 மில்லிகிராம் ஃபிளவனால் இருந்தது. காரம் அதிகம் சேர்த்தவற்றில் 3.9 மட்டுமே. கடையில் கோகோத் தூள் வாங்குபவர்களுக்கு என்னுடைய ஒரே அழுத்தமான பரிந்துரை இதுதான்: ‘ரா’ என்று போட்டிருக்கிறதா என்று தேடாதீர்கள், ஆல்கலி சேர்த்திருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள்.

சரி, விதை காய்ந்துவிட்டது. அடுத்து அரைக்க வேண்டும். உலகெங்கும் சிறிய சாக்லேட் பட்டறைகளில் ஓடும் கல் அரவை இயந்திரங்களில் பல, கோயம்புத்தூர் வெட் கிரைண்டரின் வழிவந்தவை. இட்லி மாவு அரைத்த அதே கல் உருளைகள் இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் கோகோவை அரைக்கின்றன. உரசலிலேயே சூடு ஏறும். குளிர்விக்காவிட்டால் 48ஐ எளிதாகத் தாண்டிவிடும்.

கூடச் சேர்க்கும் பொருள்களும் பெரும்பாலும் சமைத்தவைதான். ரா சாக்லேட்டில் இனிப்புக்குப் போடும் தேங்காய்ச் சர்க்கரை என்பது தென்னம்பதநீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி எடுப்பது. பால் சுவைக்காகச் சேர்க்கும் முந்திரியின் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. அதனால் கொட்டையை ஆவியில் அவித்தோ வறுத்தோதான் உடைப்பது வழக்கம். பண்ருட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

பழங்கால மாயர்கள் சாப்பிட்டது ரா சாக்லேட்தான் என்று ஒரு பேச்சு உண்டு. மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிகளில் கோகோ விதையைக் கோமால் என்ற தட்டையான சட்டியில் வறுத்து, மெட்டாட்டே என்ற அம்மியில் அரைப்பதுதான் தொன்றுதொட்டு வந்த வழக்கம். வறுத்த மணத்தை விரும்பியவர்கள் அவர்கள்.

வறுப்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கோகோ விதை திறந்தவெளிக் களத்தில், பறவையும் எலியும் நடமாடும் இடத்தில் காய்கிறது. சால்மொனெல்லா கிருமி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சாக்லேட் செய்யும் வழியில் அதைக் கொல்லும் முக்கியக் கட்டம் வறுவல்தான். ஈரம் குறைந்த, கொழுப்பு நிறைந்த பொருளில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அந்தக் கொழுப்பே வயிற்று அமிலத்திலிருந்தும் அதைக் காப்பதால், சில கிருமிகள் உள்ளே போனாலே நோய் வரலாம். நல்ல தயாரிப்பாளர்கள் நீராவியிலோ வேறு வழியிலோ இதைக் கவனித்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்கிறார்கள் என்று தெரியாத ரா கோகோவைக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் நான் கொடுக்க மாட்டேன். நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத பொருள் சிறிதளவு உண்டாகிறது, வறுக்காததில் அது குறைவு.

அப்புறம் காட்மியம். இது மண்ணிலிருந்து வேர் வழியாக விதைக்குள் ஏறும் நச்சு உலோகம். வறுத்தாலும் வறுக்காவிட்டாலும் போகாது. ரா கோகோ அதிகம் வரும் பெரு, எக்குவடோர் நாடுகளின் சில பகுதி மண்ணில் இது கூடுதல். 50 சதவீதமோ அதற்கு மேலோ கோகோ உள்ள சாக்லேட்டில் கிலோவுக்கு 0.8 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பைத் தொட்டு நிற்கும் சாக்லேட்டில் 30 கிராம் சாப்பிட்டால் 24 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வாராந்திர உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 21 வருகிறது. அரிசியிலும் கீரையிலும் வரும் காட்மியம் இதற்கு மேல். எல்லாச் சாக்லேட்டும் வரம்பைத் தொடுவதில்லைதான். ஆனால் தினம் இரண்டு மூன்று கரண்டி ரா கோகோத் தூளை ஸ்மூத்தியில் போடுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அதே ஸ்மூத்தியில் பாலக் கீரையும் பாதாமும் இருந்தால் ஆக்சலேட்டும் மூன்று வழியிலிருந்து சேர்கிறது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அது ஆகாது. கோகோவில் இரும்புச்சத்து நிறைய இருப்பது உண்மை, ஆனால் தேநீரைப் போலவே இதன் துவர்ப்பும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். பால், முட்டை, மீன் எதுவும் இல்லாமல் பச்சைக் காய்கனியில் மட்டும் வாழ்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

பலன் எவ்வளவு? அமெரிக்காவில் காஸ்மோஸ் என்ற பெரிய ஆய்வில் 21,442 முதியவர்கள் கலந்துகொண்டார்கள். பாதிப்பேருக்குத் தினம் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் மாத்திரை. 2022இல் வந்த முடிவில், மொத்த இதய நோய் நிகழ்வுகளில் புள்ளியியல் ரீதியாக உறுதியான குறைவு இல்லை. இதய நோயால் இறந்தவர்கள் மட்டும் அந்தக் குழுவில் 27 சதவீதம் குறைவு. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அவர்கள் விழுங்கியது அளந்து வைத்த சாறு, சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த சாக்லேட் கட்டி அல்ல.

என் முடிவைக் கேட்டால், சமைக்காத உணவு சாப்பிடுபவர் சாக்லேட் சாப்பிடலாம், நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம், பகலில். கோகோவிலுள்ள தியோபுரோமின் என்ற ஊக்கப்பொருளும் கொஞ்சம் கஃபீனும் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கலாம். அதை உணவு என்ற கணக்கில் வைக்காமல், ஏலக்காய், சுக்கு வரிசையில் வைப்பது பொருத்தம். வறுத்ததா, வறுக்காததா என்பது நாக்கு தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

கோகோவில் உண்மையாகவே பச்சையாகச் சாப்பிடத் தகுந்த ஒன்று இருக்கிறது. விதையை மூடிய அந்த வெள்ளைச் சதை. மங்குஸ்தானையும் சீத்தாப்பழத்தையும் நினைவூட்டும் இனிப்பும் புளிப்பும். பிரேசிலின் பஹியாவில் இதைச் சாறாக அடித்துக் குடிக்கிறார்கள். தோப்பில் காய் உடைக்கும் நாளில் அங்கே நின்றால், விதையோடு வாயில் போட்டுச் சப்பிவிட்டு விதையைத் துப்பிவிடலாம். ஊருக்கு எடுத்து வர முடியாது. ஒரு நாள் வைத்தாலே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும்.