தேவனாம்பட்டினம் மணலில் பந்தில்லாத கோல்ஃப்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கோல்ஃப் ஆசை வந்தவர்கள் மைதானம் தேடி சென்னைக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ஆட்டத்தில் புதியவர்கள் ரொம்பவே பயப்படுகிற பங்கர் அடியை, அதாவது மணல்குழிக்குள் விழுந்த பந்தை வெளியே எடுப்பதை, நம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலேயே பழகலாம். அதற்குப் பந்துகூட வேண்டாம்.

ஏனென்றால் இந்த அடியில் மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. பந்துக்கு ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் மணலைத் தள்ளுகிறது. 46 கிராமுக்கும் குறைவான பந்தை அந்த மணல்தான் தூக்கி வெளியே போடுகிறது. ஆக, மட்டை எங்கே இறங்குகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் வித்தை. விரலால் ஒரு நீளக் கோடு போட்டு, மட்டை மணலில் பதிக்கும் தடம் சரியாகக் கோட்டில் தொடங்கும்படி கோடு நெடுக அடித்துக்கொண்டே போங்கள், எங்கே தவறுகிறது என்று தடமே காட்டிவிடும்.

மணல்குழி அடிக்கென்றே உள்ள சாண்ட் வெட்ஜ் மட்டையின் அடிப்பாகத்தில் பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும், இதை பவுன்ஸ் என்கிறார்கள். மட்டை மணலுக்குள் புதையாமல் வழுக்கிப் போவது இதனால்தான். 1930-களின் தொடக்கத்தில் இந்த மட்டையைப் பிரபலமாக்கிய அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசென், 1932-ல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை வென்றார்.

அலை வந்துபோன ஈரமணலில் கால் வைத்தால் காலைச் சுற்றி ஒரு நொடி மணல் வெளுத்துக் காய்ந்தது போலாகுமே, கவனித்திருக்கிறீர்களா? 1885-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி அதை விளக்கினார்: நெருக்கமாக அடுக்கப்பட்ட மணல்மணிகள் நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும், அப்போது இடைவெளி பெருகுகிறது, மேலிருந்த தண்ணீர் அதற்குள் இறங்கிவிடுகிறது. தண்ணீர் இறங்க நேரம் போதாதபோது, இடைவெளி தண்ணீரை இழுக்கும் அந்த இழுப்பே மணிகளை இன்னும் இறுக்கிவிடும். வேகமாக வரும் மட்டை ஈரமணலில் துள்ளி எழுவதற்கு இதுதான் காரணம். அங்கே மட்டை முகத்தை அதிகம் விரிக்காதீர்கள், அதாவது வானம் பார்க்கத் திருப்பாதீர்கள்; கரையில் மேலே உலர்ந்த மணலில் விரித்தால்தான் நல்லது, பவுன்ஸ் கூடும்.

அப்புறம், ஒரே இடத்தில் நின்று அடிக்காதீர்கள். உலர்மணலில் ஒன்று, ஈரத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி அடியுங்கள். கெர், பூத் என்ற ஆய்வாளர்கள் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவர்களில் சிலர் 3 அடி தூரத்திலேயே சிறு பையை இலக்கு நோக்கி எறிந்து பழகினார்கள், மற்றவர்கள் 2 அடியிலும் 4 அடியிலும் மட்டும். கடைசியில் 3 அடியில் சோதித்தபோது, அந்தத் தூரத்தில் பழகவே பழகாதவர்கள்தான் துல்லியமாக எறிந்தார்கள்! மாறிக்கொண்டே இருந்தால் மூளை ஒவ்வொரு முறையும் அசைவைப் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, பழைய அசைவை அப்படியே திருப்பிச் செய்ய முடிவதில்லை. முதலில் மோசமாகத்தான் வரும், விட்டுவிடாதீர்கள்.

பந்தைக் கரையில் அடிக்கவே கூடாது, ஆட்கள் நடக்கிற இடம். போட்ட குழிகளையும் மூடிவிடுங்கள், ஆமைக்குஞ்சு இறங்கும் மாதங்களில் அது கட்டாயம்.

வெயில் ஏறிவிட்டால் வீட்டுக்கூடத்தில் டைல்ஸ் இடுக்கை ஒட்டிப் பந்தை மெதுவாக உருட்டி, குழிக்குள் தள்ளும் அடியைப் பழகலாம். கோல்ஃப் குழியின் அகலம் 10.8 செ.மீ., நடுவிலிருந்து விளிம்புக்கு 5.4 செ.மீ.; நீங்கள் நிற்பது 2 மீட்டரில் என்றால், திசை 1 டிகிரி பிசகினால் பந்து 3.5 செ.மீ. விலகும், உள்ளே விழ வாய்ப்பிருக்கிறது. 2 டிகிரி என்றால் 7 செ.மீ., போச்சு.